கேத்தில் பாட்டின் மறுபாதி

என் தம்பிக்கு வலது காது கேட்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுதப்போவது பாட்டுகளைப் பற்றி. பாட்டைப் பற்றிச் சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டுக் கடைசியில் காதைக் கொண்டுவந்து போடுகிற வேலை எனக்குச் சரிவராது. தை மாதத்தில் ஒருநாள், முள்ளிக்குளத்துக்கு நேரே கடலில் சங்கு எடுக்க இறங்கினவன், ஏறி வரும்போது ஒரு காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். மற்றக் காதாவது மிஞ்சுமா என்பதுதான் அந்தத் தவக்காலம் முழுக்க மன்னார்க் கரையில், தாழ்வுபாடு ஊரில், எங்கள் வீட்டில் கேள்வி. அதற்கு விடை ஒரு பாட்டுக்குள் கிடந்தது.

பாட்டுக்காரர் மூன்று பேர். எந்த நாடு, என்ன பெயர் எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் உடனே போனைத் தூக்கித் தேடிக் கேட்டுவிட்டு, “இதுக்கா இவ்வளவு எழுப்பம்?” என்பீர்கள். அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டுக் களைத்துப்போயிருக்கிறேன். நீங்களும் சேர வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் தம்பி மன்னார் டவுனில் யாரோ பாவித்த போன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். ஸ்பீக்கர் செத்த போன். காதில் வைத்தால் ஆள் கதைப்பது கேட்கும், பாட்டுப் போட்டால் ஊமை. இயர்போன் குத்தினால் மட்டும் பாடும். முன்பு வைத்திருந்தவர் படங்கள், இலக்கங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரேயொரு பாட்டுக் கட்டை மட்டும் மறந்துவிட்டிருந்தார். அந்தப் பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் இலக்கங்கள்தான். யார் பாடுவது, எப்போது பாடியது, ஒன்றும் தெரியாது. இங்கிலீசுப் பாட்டு என்பது மட்டும் தெரிந்தது, அதுவும் அரைகுறையாக. சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீசுக்கு நல்ல பெறுபேறு எடுத்தவள் நான். ஆனால் அந்த ஆள் பாடுவதில் எனக்கு விளங்கியது ‘ஜன்னல்’, ‘செவ்வாய்க்கிழமை’, இன்னும் இரண்டொரு சொல். செவ்வாய்க்கிழமை என்னதான் நடந்தது? அதை யோசித்தே நான் எத்தனையோ மத்தியானங்களைத் தொலைத்தேன்.

பெயரில்லாவிட்டால் நாங்களே வைப்போம் என்று வைத்தோம். தண்ணீர் கொதிக்கப்போகும் நேரம் வருகிற இரைச்சலோடு தொடங்குவது கேத்தில் பாட்டு. மேளம் ஓரிடத்தில் ஒரு அடியை விட்டுவிட்டுப் போகிறதே, உடைந்த படியில் கால் வைக்கப்போய்த் தடுமாறுகிற மாதிரி, அது படிக்கட்டுப் பாட்டு. மூக்கடைத்த குரலில் பாடுவது தடிமன் பாட்டு. தடிமன் பாட்டில் அந்த ஆள் சுருதியை விட்டு விலகிப் போவார். போய்விட்டார், இனித் திரும்ப மாட்டார் என்று நினைக்கும்போது ஒரு சொல்லில் வந்து ஒட்டுவார். நான் கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுகிறவள். எங்கள் குழுத் தலைவர் இதைக் கேட்டிருந்தால் ஆளைச் சட்டைக் கொலரில் பிடித்து வெளியே விட்டிருப்பார். ஆனால் எனக்கு அது ஏன் அப்படிப் பிடித்தது? பிழையாகப் பாடுகிற ஒருவரைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்று ஏன் இருந்தது? இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆள் எங்களை மயக்க நினைக்கவில்லை என்பதாலோ என்னவோ. எங்கள் கொடியேற்றத் திருவிழா மேடைகளில் பாடுகிறவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துப் பாடுவார்கள். இவர்கள் தங்கள் பாட்டுக்குக் குசினிக்குள் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. நாங்கள் ஜன்னலால் ஒட்டுக்கேட்டோம்.

நான் டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கண் பரிசோதிப்பது, பிரேம் பொருத்துவது. ஒருநாள் கண்ணாடி வாங்க வந்த, கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒன்று, என் இயர்போனில் கசிந்ததைக் கேட்டுவிட்டு, “இது ஓல்டர்நேட்டிவ் பொப் அல்லோ அக்கா?” என்றது.

“எதுக்கு ஓல்டர்நேட்டிவ்?” என்று கேட்டேன்.

பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, “மற்றப் பொப்புக்கு,” என்றது.

மற்றப் பொப் எது என்று கேட்டிருப்பேன். பாவம், பிரேம் எடுக்க வந்த பிள்ளை, விட்டுவிட்டேன். அந்தப் பிள்ளைதான் தன் போனைப் பாட்டுக்குக் கிட்டப் பிடித்து, பாட்டுக்காரரின் பெயரைக் கண்டுபிடித்துத் தந்தது. பெயர் தெரிந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம் ஒன்றும் வரவில்லை. பெயர் தெரிந்தால் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று தெரியுமா?

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தவக்காலத்தில் பாட்டு இல்லை. விபூதிப் புதன் காலையில் நெற்றியில் சாம்பலோடு கோயிலால் வந்தவுடன், அம்மா அலுமாரியைத் திறந்து ஊதாத் துணி எடுப்பார். கோயிலில் புனிதர் சுரூபங்களை மூடுகிற மாதிரி, வீட்டு ஸ்பீக்கர் பெட்டியை மூடுவார். அந்தப் பெட்டிக்கு அப்படி ஒரு மரியாதை. உயிர்த்த ஞாயிறு விடியும் வரை துணி விலகாது. வீட்டில் கேட்பது பசாம் மட்டும்தான். ஆண்டவரின் பாடுகளை அம்மா இழுத்து இழுத்துப் பாடுவார்; கேட்டுக்கொண்டு மீன் வெட்டினால் கத்தியும் மெதுவாகும்.

“வயரில கேட்டா வெளியில சத்தம் வராதுதானே அம்மா, அது பாட்டில்லை,” என்று நான் முதல் வருடம் வாதாடினேன்.

“ஆண்டவருக்கு வயர் தேவையில்லையடி,” என்றார் அம்மா.

ஆனாலும் விட்டுவிட்டார். ஒரே நிபந்தனை: இரண்டு காதையும் அடைக்கக் கூடாது. அது தவக்காலத்துக்கு மட்டுமான சட்டமில்லை, வருடம் முழுவதற்குமானது. “ஒரு காது உங்களுக்கு, ஒரு காது வீட்டுக்கு,” என்பார். மீன் லொறி ஹோர்ன் அடிக்கும், கோயில் மணி அகாலத்தில் அடிக்கும், யாரோ கரையில் நின்று கூப்பிடுவார்கள். அம்மா கூப்பிட்டு முதல் தரத்திலேயே ஓம் என்று சொல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டில் வேறு பசாம் நடக்கும். கடையிலும் எனக்கு இதே கதைதான். ஆட்கள் வந்தால் கேட்க வேண்டும். தம்பிக்கு வள்ளத்தில் அப்படித்தான். மற்றவர்கள் கீழே இறங்கியிருக்க மேலே காவல் நிற்கும் முறை வந்தால், ஒரு காது எப்போதும் கயிற்றுக்கும் தண்ணீருக்கும். அதனால் நாங்கள் இரண்டு பேரும் எங்கே இருந்தாலும், தனியே இருந்தாலும், ஒற்றைக் காதாலேயே கேட்டுப் பழகிவிட்டோம்.

வீட்டுப் பின்பக்கம், கிணற்றடிக்குப் போகிற வழியில், ஒரு முனை சுவரில் முட்ட, இரண்டு பேர் இருக்கக்கூடிய பலகை வாங்கு ஒன்று கிடக்கிறது. தம்பி சுவர்ப்பக்கம் இருப்பான். நான் அவனுக்கு வலப்பக்கம். என் இடது காதும் அவன் வலது காதும் கிட்டக் கிட்ட இருக்கும், இயர்போன் வயர் நடுவில் தொங்கும். இடதுக்கென்று எல் எழுத்துப் போட்டது எனக்கு, வலதுக்கென்று ஆர் எழுத்துப் போட்டது அவனுக்கு. தனியே கேட்கும்போதும் ஆளுக்கு ஆள் அதையே எடுத்துப் போடுவோம். சோற்றுக் கோப்பையில் அவரவர் பக்கம் மாதிரி.

சண்டை கேத்தில் பாட்டில்தான் தொடங்கியது.

“அந்தப் பொம்பிளை சிரிக்கிற இடம் இருக்கே,” என்றான் ஒருநாள்.

“எந்தப் பொம்பிளை?”

“கேத்தில் பாட்டில. அந்தாள் என்னவோ முணுமுணுக்க, இவள் சிரிப்பாள்.”

“உனக்கென்ன விசரா? அதில பொம்பிளையே இல்லை. அந்தாள் ஒரு கேள்வி கேப்பார். பேந்து ஒண்டுமில்லை. பேந்து ஹார்மோனியம்.”

“ஹார்மோனியமா? எங்க கிடக்கு ஹார்மோனியம்? கோயில் பாட்டையும் இதையும் போட்டுக் குழப்பாதை.”

“டேய், நான் இரண்டாம் குரல் பாடுறவள்!”

“அதுதான் முதலாம் குரல் கேக்கேல்லை உனக்கு.”

இப்படியே வருடக்கணக்கில். எனக்குக் கேத்தில் பாட்டு பிடித்ததே அந்த ‘ஒன்றுமில்லை’யால்தான். அந்த ஆள் ஏதோ கேட்கிறார், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. காற்று ஏறி இறங்குகிற மாதிரி ஹார்மோனியம் வருகிறது. திரும்பவும் கேட்கிறார். என்ன பொறுமை! நானாக இருந்தால் இரண்டாம் தரமே கோபித்துக்கொண்டு போயிருப்பேன். பதில் வராத ஒரு இடத்தில் அப்படி நிற்க ஒருவரால் முடியுமா என்று எனக்கு அதிசயமாக இருந்தது. தம்பிக்கோ அது ஒரு பெண் காரணமில்லாமல் சிரிக்கிற பாட்டு. “ஏன் சிரிக்கிறாள் எண்டு தெரிஞ்சா பாட்டு முடிஞ்சு போயிடும் அக்கா,” என்பான். அவனுக்குச் சில்லறை குலுங்குகிற சத்தமும் கேட்குமாம். சில்லறை! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரே போன், ஒரே வயர். அதில் ஆளுக்கு ஒரு பாட்டு எப்படி வரும்? ஒரு சட்டியில் இருந்து இரண்டு பேர் அள்ளினால் ஒருவருக்கு மீன் கறியும் மற்றவருக்குப் பருப்புமா வரும்? ஆளையாள் கடிவதை விட்டுவிட்டு ஒருநாளாவது வயரை மாற்றிப் போட்டுப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பிறகு தை மாதம் வந்தது. தம்பிக்கு நல்ல தடிமன். தடிமனோடு இறங்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியாததில்லை. கீழே போகப் போகக் காதை அடைக்கும். மூக்கைப் பொத்தி ஊதித் திறக்க வேண்டும். மூக்கே அடைத்திருந்தால் எங்கே திறப்பது? தண்ணீர் தெளிந்திருந்தது, மற்றவர்கள் இறங்கினார்கள், இவனும் இறங்கினான். ஏறி வந்தபோது தலை சுற்றி வள்ளத்துக்குள் விழுந்துவிட்டானாம். ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, உள்காது அடிபட்டிருக்கிறது, மருந்து தருகிறேன், வருமா என்று இப்போது சொல்ல முடியாது, சில கிழமை கழித்துத் திரும்ப வந்து சோதிக்க வேண்டும் என்றார். “மற்றக் காதைப் பத்திரமாப் பாத்துக்கொள்ளுங்கோ. திரும்ப இறங்கினா அதுக்கும் ஆபத்து,” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் தடிமன் பாட்டு என்ற பெயரைச் சொல்வதில்லை.

விபூதிப் புதன் வந்தது. பெட்டிக்கு ஊதாத் துணி விழுந்தது. நான் போனை எடுத்துக்கொண்டு வாங்குக்குப் போனேன். தம்பி வரவில்லை. அடுத்த நாள் அவன் தனியே இருந்து இயர்போனை இடது காதில் போட்டதைக் குசினி ஜன்னலால் பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு அதைக் கழற்றி, வயரைச் சுருட்டி, போனோடு சேர்த்து என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

“ஏன்டா?”

“நீ வைச்சிரு.”

அதோடு பாட்டைப் பற்றிப் பேச்சில்லை. ஒற்றைக் காதால் கேட்பது ஒன்றும் அவனுக்குப் புதிதில்லையே, பிறகு ஏன் வேண்டாம் என்கிறான் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கிளினிக் நாள் வந்தது. சனம் கூடவாம், திரும்பி வந்துவிட்டேன் என்றான். அடுத்த கிளினிக்குக்கும் அப்படித்தான். அம்மா பசாமை இன்னும் கொஞ்சம் இழுத்தார். கடைசியில் ஒருநாள் வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டி எங்கள் வீட்டுக்கு வந்து, “அப்ப திங்கள் பாப்பம்,” என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனது என் காதில் விழுந்தது. வீட்டுக்கு என்று விட்ட காது.

குருத்து ஞாயிறுக்கு முதல் நாள். தம்பி வாங்கில் இருந்து குருத்தோலையில் சிலுவை மடித்துக்கொண்டிருந்தான். நான் போய் அவனுக்கு முன்னால் நின்றேன். பக்கத்தில் இருந்தால் இப்போது அவனுக்குக் கேட்காது.

“திங்கள் இறங்கப் போறியா?”

“ஓம்.”

“டொக்டர் என்ன சொன்னவர்? மற்றதும் போயிடும் எண்டு சொன்னவர்தானே? உனக்கு மூளை கீளை இருக்கா?”

அவன் ஓலையைக் கீழே வைத்தான். “அக்கா, கத்தாதை. போனா என்ன, போகாட்டி என்ன? இதுவும் போய்க்கொண்டுதான் இருக்கு.” இடது காதைத் தொட்டுக் காட்டினான்.

நான் அப்படியே நிலத்தில் இருந்தேன். “ஆர் சொன்னது?”

“ஆரும் சொல்லத் தேவையில்லை. பாட்டைப் போட்டுப் பாத்தனான். கேத்தில் பாட்டில அந்தப் பொம்பிளை இல்லை. சில்லறைச் சத்தம் இல்லை. படிக்கட்டுப் பாட்டில மேளத்தோட வாற கைதட்டலைக் காணேல்லை. பாதிப் பாட்டுப் போச்சு. கிளினிக்குக்குப் போய் அதையும் அவையளின்ர வாயால கேக்கவோ? முழுச் செவிடாகிறதுக்கு முதல் இந்த ஒரு சீசன் இறங்கிறன். பேந்து என்ன செய்யிறது எண்டு மாதாவுக்குத்தான் தெரியும்.”

இவ்வளவு நாளும் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எங்களோடு இருந்து சோறு தின்றிருக்கிறான். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

“அது மட்டுமில்லை,” என்றான். “இல்லாத சத்தமும் கேக்குது. காது பழுதானா அப்பிடிக் கேக்குமாம்.”

“என்ன சத்தம்?”

“ஹார்மோனியம் மாதிரி. மூச்சு விட்டு விட்டு.”

நான் அவனைப் பார்த்தேன். கடையில் நாள் முழுக்க என் வேலையே என்ன? வருகிறவர்களுக்கு ஒரு கண்ணை மூடி, “இப்ப தெளிவா? இப்ப?” என்று கேட்பது. இரண்டு கண்ணும் வேறு வேறாகப் பார்க்கிறது என்று சிலருக்கு நாற்பது வயதில்தான் தெரியவரும். மூடிப் பார்த்தால்தானே தெரியும். சனத்துக்கெல்லாம் கண்ணை மூடிப் பார்க்கிற நான், என் காதை மாற்றிப் பார்த்ததே இல்லை.

ஓடிப்போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தேன். “எதைப் போட்டுப் பாத்தனீ?”

“இடது காதில இடது பக்கத்ததைத்தான். வேற என்னத்தை?”

“என்ரதை.”

“என்ன உன்ரது?”

“வாயை மூடிக்கொண்டு இரு,” என்று சொல்லி, ஆர் எழுத்துப் போட்டதை எடுத்து அவன் இடது காதில் திணித்தேன். அது வலது காதுக்கென்று வளைந்தது, பொருந்தவில்லை. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேத்தில் பாட்டைப் போட்டேன்.

இரைச்சல் வந்திருக்கும். அந்த ஆள் தூரத்தில் முணுமுணுத்திருப்பார். தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாடை என் உள்ளங்கையில் இருந்தது. அது இறுகியிருந்தது எனக்குத் தெரிந்தது. திடீரென்று அது விட்டுப்போயிற்று.

“வந்திட்டாள்,” என்றான். “அக்கா, வந்திட்டாள்.”

இருபத்தேழு வயதுத் தடியன், தேம்பித் தேம்பி அழுதான். நானும் அழுதேன். அழுதுகொண்டே, “விசரா, விசரா, கிளினிக்குக்குப் போகாமல் பாட்டை நம்பினியே, உன்னைக் கொண்டுபோய்க் கடலில தாட்டால் என்ன,” என்று முதுகில் நாலு குத்துக் குத்தினேன். அவன் அழுகைக்கு நடுவே, “அப்ப அந்த ஹார்மோனியம்?” என்றான்.

“அது என்ர பக்கம்டா. நான் சொன்னனான்தானே!”

“நானும் சொன்னனான்தானே பொம்பிளை இருக்கிறாள் எண்டு!”

இரண்டு பேரும் சரி. வருடக்கணக்கில் சண்டை பிடித்து, இரண்டு பேரும் சரியாக இருப்பதைப் போல ஏமாற்றம் வேறில்லை. பாட்டுக்காரர் சத்தங்களை இரண்டு காதுக்கும் பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அம்மாவின் சட்டம் அதை நடுவால் வெட்டி, ஆளுக்குப் பாதி தந்துவிட்டது.

அவன் பிறகு எல் எழுத்துப் போட்டதை வாங்கி, என் பாதியைப் பயமில்லாமல் முதல் தரம் கேட்டான். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். முடிந்ததும், “இவ்வளவு நாளும் இதையா நீ கேட்டனீ? இந்தாள் பாவமக்கா,” என்றான். பிறகு, “இரண்டும் சேர்ந்தா எப்பிடி இருக்கும்?” என்று கேட்டான்.

அவன் அதை எங்கே கேட்பது? இனி எப்படிக் கேட்பது? “நீ கேட்டுச் சொல்லு,” என்றான்.

நான் இரண்டு காதிலும் போட்டேன். பிறந்ததில் இருந்து அந்த வீட்டில் நான் இரண்டு காதையும் அடைத்தது அன்றைக்குத்தான். அம்மா உள்ளிருந்து கூப்பிட்டாராம், கேட்கவேயில்லை. பாட்டு தலைக்குள் ஒரு அறை மாதிரி விரிந்தது. இடப்பக்கத்தில் அந்த ஆள் கேட்கிறார். நான் இவ்வளவு காலமும் காத்துக்கிடந்த அந்த வெறும் இடத்தில், வலப்பக்கத்தில் இருந்து அவள் சிரிக்கிறாள். அவள் சிரிப்புத்தான் பதில். ஒவ்வொரு தரமும் பதில் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் பொறுமைசாலியே இல்லை; ஒரு கணம்கூடக் காத்திருக்கவில்லை அந்த மனுசன்! அவளும் காரணமில்லாமல் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், முழுப் பாட்டு நல்ல பாட்டு. ஆனால் என் பாதி அளவுக்கு என்னை அது ஆட்டவில்லை. நான் இத்தனை வருடம் உருகியது அந்த மூன்று பேரும் செய்யாத ஒன்றுக்கு. அந்த வெறுமையை அவர்கள் வைக்கவில்லை. எங்கள் வாங்குதான் வைத்தது. தம்பிக்குப் பிடித்த மர்மமும் அப்படித்தான். ஒரு பாட்டு பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது, அதில் எவ்வளவு பாடினவருடையது, எவ்வளவு கேட்டவருடையது? கம்பஸ் பிள்ளை திரும்பக் கடைக்கு வந்தால் இதையும் கேட்க வேண்டும்.

தம்பிக்கு உள்ளதைச் சொன்னேன். “அவர் கேக்கிறார். அவள் சிரிக்கிறாள். அவளின்ர சிரிப்புத்தான் பதில்.”

“அப்ப அவள் சும்மா சிரிக்கேல்லை.”

“இல்லை.”

“ம்,” என்றான். குருத்தோலையைத் திரும்ப எடுத்து, விட்ட இடத்தில் இருந்து மடிக்கத் தொடங்கினான்.

திங்கட்கிழமை அவன் கடற்கரைக்குப் போகவில்லை. நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன அறைக்குள் இருத்தி, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடது காதுக்கு விரல் அமத்திக்கொண்டே இருந்தது. வலது காதுக்கு அது அசையவில்லை. டொக்டர், இடது காது சுத்தமாக இருக்கிறது, வலது இனி வராது, கடலுக்கு இறங்குவதை மறந்துவிட வேண்டும் என்றார். தம்பி, “ஓம் டொக்டர்,” என்றான். பஸ்ஸில் வரும்போது சம்மாட்டிக்குப் போன் எடுத்து, “இறங்கமாட்டன். மேல நிண்டு வள்ளம் பாக்கிறதெண்டா வாறன்,” என்று அவன் சொன்னதைக் கேட்டு, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. அம்மா ஊதாத் துணியை உருவி மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, பெட்டியை உச்சத்தில் போட்டார். ஊரே அதிர்ந்தது. சாப்பாடு முடிய நாங்கள் இருவரும் பின்பக்கம் போனோம். நான் வழமையான இடத்தில் இருக்கப்போக, “தள்ளி அங்கால இரு,” என்று என்னைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு, தம்பி எனக்கு வலப்பக்கம் வந்து இருந்தான். அப்போதுதானே அவன் நல்ல காது என் பக்கம் வரும். நான் ஆர் எழுத்துப் போட்டதை அவனிடம் நீட்டினேன். அவனுடையது அல்லவா.

“வேண்டாம். என்ரதை இனி நீ கேள். உன்ரதைத் தா.”

கொடுத்தேன். அவனுடையதை என் வலது காதில் போட்டேன். கேத்தில் பாட்டு தொடங்கியது. அவன் பக்கத்தில் அந்த ஆள் கேட்டிருப்பார். தம்பியின் முகம் என் பழைய முகமாகக் காத்திருந்தது. என் காதில் அவள் சிரித்தாள். நான் சட்டென்று அவன் முழங்காலில் தட்டினேன்.

“என்ன?” என்றான்.

“இப்ப சிரிச்சவள்.”

அவன் தலையாட்டினான். அந்த ஆள் திரும்பக் கேட்டார் போலிருக்கிறது. அவள் சிரித்தாள், நான் தட்டினேன். அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டார். “ஓம்” என்று சொல்லிவிட்டு, எழும்பாமல் அப்படியே இருந்து தட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தட்டோடு, சரியாக அவள் சிரிக்கிற இடத்தில், தம்பியும் சிரித்தான்.